சிவப்பு எரிந்தால் தீ, மஞ்சள் எரிந்தால் என்ன? ஃபயர் அலாரம் பெட்டி சொல்வதை காங்கேயம் மில்களில் யார் படிக்கிறார்கள்?

தீ விபத்து செய்தி வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "அலாரம் அடிச்சுதா, இல்லையா?" என்பதுதான். 2025 நவம்பர் 26-ம் தேதி ஹாங்காங்கின் வாங் ஃபுக் கோர்ட் அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பிடித்து 150-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது இந்தக் கேள்விக்கு உடனே பதில் கிடைத்தது. அங்குள்ள எட்டு கட்டடங்களிலும் அலாரம் சரியாக வேலை செய்யவில்லை என்று தீயணைப்புத் துறையே சொல்லிவிட்டது.

ஆனால் அலாரம் ஒழுங்காக அடித்து, எந்த இடத்தில் தீ என்பதையும் திரையில் காட்டி, அதைப் பார்க்க ஒரு ஆளும் உட்கார்ந்திருந்து, அப்படியும் கட்டடம் எரிந்து போன கதைகள் இருக்கின்றன. அந்தக் கதைகளில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அலாரம் என்ன சொன்னது? அதைப் படித்தவருக்கு அது புரிந்ததா?

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் இரவு ஷிஃப்ட் ஓடும் ஆலைகளுக்கு இந்தக் கேள்வி ரொம்பவே பொருந்தும். காளைக்குப் பேர் போன ஊர் என்றாலும், காங்கேயம் வட்டாரத்தின் பிழைப்பு அரிசி ஆலை, தேங்காய் பருப்பு களம், எண்ணெய் மில், நூல் மில் என்றுதான் ஓடுகிறது. எண்ணெய், பஞ்சு, சாக்கு, புண்ணாக்கு, உமி... எல்லாமே எரியக்கூடிய சரக்கு. சின்ன மில்களில் தீயணைப்பு சிலிண்டரும் மணல் வாளியும் இருக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் பெரிய இடங்களில் கேட் ரூமிலோ ஆபீஸ் வாசலிலோ சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருப்பார்கள். ஏட்டில் அதற்கு தீ எச்சரிக்கை கட்டுப்பாட்டுப் பலகை என்று பெயர் எழுதலாம். மில்லில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஃபயர் பேனல், இல்லாவிட்டால் வெறும் 'பெட்டி'.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

கட்டடம் முழுக்க புகை உணரும் கருவி, வெப்பம் உணரும் கருவி, கண்ணாடியை உடைத்து அழுத்தும் சிவப்பு கால் பாயின்ட் என்று பல இடங்களில் பொருத்தியிருப்பார்கள். அத்தனையும் ஒயர் மூலம் இந்தப் பெட்டிக்கு வந்து சேரும். இதில் இரண்டு ரகம் உண்டு.

பழைய, விலை குறைந்த ரகம் கன்வென்ஷனல் பேனல். இதில் கட்டடத்தை நாலு, எட்டு என்று மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு வைத்திருப்பார்கள். மூன்றாவது விளக்கு சிவப்பாக எரிந்தால் மூன்றாவது மண்டலத்தில் எங்கேயோ தீ. அந்த மண்டலத்தில் பத்துப் பதினைந்து கருவி இருக்கலாம், எது என்று பெட்டிக்குத் தெரியாது. நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

புது ரகம் அட்ரஸபிள் பேனல். ஒரே ஒயர் வளையத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் வீட்டுக் கதவு எண் மாதிரி தனி எண் உண்டு. பேனல் வரிசையாக ஒவ்வொன்றையும் கூப்பிட்டு "இருக்கியா? நல்லா இருக்கியா?" என்று விசாரித்துக்கொண்டே இருக்கும். பதில் மாறினால் அந்தக் கருவியின் எண்ணையும், அதற்கு யாரோ முன்பே டைப் அடித்து வைத்த இடப்பெயரையும் சின்ன எல்சிடி திரையில் காட்டும். இந்த 'யாரோ டைப் அடித்து வைத்த' என்கிற இடத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சனை அங்கேதான் தொடங்குகிறது.

எந்தச் செய்திக்கு முதல் மரியாதை?

ஒரே நேரத்தில் பத்து விஷயம் நடக்கலாம். கரண்ட் போயிருக்கலாம். ஒரு ஒயரை எலி கடித்திருக்கலாம். தீயணைப்புத் தண்ணீர்க் குழாயின் வால்வை யாரோ மூடி வைத்திருக்கலாம். அதே சமயம் குடோனில் புகையும் வரலாம். எல்லாவற்றையும் வந்த வரிசையில் காட்டினால் புகை நாலாவது வரியில் போய் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் பேனல்களுக்கு முன்னுரிமை வரிசை என்று ஒன்றை தரநிலைகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஐரோப்பாவில் ஈஎன் 54, அமெரிக்காவில் என்எஃப்பிஏ 72. நம் நாட்டில் தீ கண்டறியும் அமைப்புகளுக்கு ஐஎஸ் 2189 என்ற நடைமுறை விதித்தொகுப்பு இருக்கிறது. சந்தையில் ஐரோப்பிய, அமெரிக்க சான்று பெற்ற பேனல்கள் இரண்டுமே விற்கின்றன.

சாராம்சம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். தீ என்பது முதல். மற்றதெல்லாம் பின்னால். அமெரிக்க முறையில் தீக்கு அடுத்த படியில் 'சூப்பர்வைசரி' என்று ஒன்று வரும். ஸ்பிரிங்ளர் வால்வு மூடியிருக்கிறது என்பது போன்ற செய்திகள் அந்த வகை. இப்போது தீ இல்லை, ஆனால் தீ வந்தால் தண்ணீர் வராது என்று அர்த்தம். அதற்கும் கீழே 'ட்ரபிள்', அதாவது பேனலின் சொந்த உடம்புக் கோளாறு. ஒயர் அறுந்தது, பேட்டரி செத்தது, மண்ணுக்கு மின்கசிவு, இத்யாதி. ஐரோப்பிய முறையில் தீ, கோளாறு, முடக்கம், சோதனை என்று பிரிக்கிறார்கள். நிறமும் அதற்கேற்ப: தீக்குச் சிவப்பு, கோளாறு, முடக்கம், சோதனை எல்லாவற்றுக்கும் மஞ்சள், மின்சாரம் சரியாக வருகிறது என்பதற்குப் பச்சை.

அவசரத்திலும் இதே வித்தியாசம் உண்டு. அமெரிக்க விதிப்படி தீ உணரப்பட்டால் 10 வினாடிக்குள் பேனல் கத்த வேண்டும். கோளாறு என்றால் 200 வினாடி வரை நேரம் எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய விதி கோளாறுக்கு 100 வினாடி கொடுக்கிறது.

ஐரோப்பிய விதியில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. திரையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்ட இடமில்லை என்றால், முதலில் தீ உணர்ந்த மண்டலம் ஒரு வரியில் அசையாமல் நிற்க வேண்டும். கடைசியாக உணர்ந்த மண்டலம் இன்னொரு வரியில் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கோளாறு செய்திகளை அந்த நேரத்தில் பேனல் பின்னால் தள்ளிவிடும், பட்டனை அழுத்திக் கேட்டால்தான் காட்டும்.

ஏன் முதல் வரிக்கு இவ்வளவு மரியாதை? புகை நிற்காது, ஓடும். ப்ளோ ரூமில் கிளம்பிய புகை ஐந்து நிமிடத்தில் கார்டிங், ஸ்பின்னிங் என்று பரவி இருபது கருவிகளை எழுப்பிவிடும். இருபது பெயரும் திரையில் ஓடும்போது, தீ எங்கே தொடங்கியது என்பது அந்த முதல் பெயரில்தான் இருக்கிறது. கடைசிப் பெயர், புகை எதுவரை போயிருக்கிறது என்று சொல்லும். ஆரம்பம் ஒரு வரி, பரவல் ஒரு வரி. தீயணைப்பு வண்டி வாசலுக்கு வந்ததும் அதிகாரி பேனலைத் தேடுவதும் இதற்காகத்தான்.

இப்படி வரிசை இல்லாமல் எல்லாம் ஒன்றாகக் கத்தினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒரு பாடம் இருக்கிறது. 1994 ஜூலை 24-ம் தேதி மில்ஃபோர்ட் ஹேவன் என்ற ஊரில் உள்ள டெக்சாகோ எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. அது ஃபயர் பேனல் அல்ல, ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டு அறை. வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடத்தில் மட்டும் அங்கே இருந்த இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் 275 அலாரங்கள் வந்து விழுந்தன. சராசரியாக இரண்டு மூன்று வினாடிக்கு ஒன்று! எது முக்கியம் என்று பிரித்துச் சொல்ல ஆளும் இல்லை, கருவியும் இல்லை. 26 பேர் காயமடைந்தார்கள். உலகம் முழுக்க அலாரங்களை எப்படி வரிசைப்படுத்துவது என்ற பேச்சில் இன்றைக்கும் முதலில் எடுத்துக்காட்டப்படும் சம்பவங்களில் இது ஒன்று.

சரியாகச் சொன்ன பேனல், தவறாகப் போன ஆள்

முன்னுரிமை வரிசை கச்சிதமாக வேலை செய்தும் தோற்ற கதை, பாரிஸின் நோட்ர டாம் தேவாலயம். 2019 ஏப்ரல் 15, திங்கட்கிழமை மாலை. உள்ளே திருப்பலி நடந்துகொண்டிருக்கிறது. 6.20 மணி வாக்கில் முதல் அலாரம் வருகிறது. பேனலில் சிவப்பு விளக்கு. முதலில் 'தீ' என்கிறது. அதுவரைக்கும் எல்லாம் சரி.

அடுத்து இடம். அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் பின்னர் விரிவாக விசாரித்து எழுதியபடி, திரையில் வந்த பெயர் தோராயமாக 'பரண், நடுமண்டபம், திருப்பொருள் அறை' என்று மூன்று சொற்களை ஒட்டவைத்த ஒரு மண்டலப் பெயர். அதன் பின்னால் எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு குறியீடு. அந்தக் குறியீடு, வளாகத்தில் இருந்த 160-க்கும் மேற்பட்ட கருவிகளில் குறிப்பிட்ட ஒன்றைக் குறிப்பது. அதாவது தேவாலயக் கூரைக்கு மேலே இருந்த பரணில் உள்ள புகை உணர்வி. எந்தப் பரண் என்பது அந்தக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும்தான் விளங்கும்.

அன்று பேனல் முன்னால் இருந்தவர் அந்த வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவர் வாக்கி டாக்கியில் சொல்ல, காவலர் ஓடிப் போய்ப் பார்த்தது பக்கத்தில் இருந்த திருப்பொருள் அறைக் கட்டடத்தின் பரணை. அங்கே புகையும் இல்லை, தீயும் இல்லை. பொய் அலாரம் என்று நினைத்தார்கள். 6.43-க்கு இரண்டாவது அலாரம் வந்தது. அதற்குள் அசல் பரணில், பல நூற்றாண்டு பழைய ஓக் மரச்சட்டங்களுக்கு நடுவே தீ பிடித்துப் போயிருந்தது. முன்னூறு படி ஏறிப் பார்த்தபோது நிலைமை கையை மீறிவிட்டது. 8 மணிக்குச் சற்று முன் கோபுர ஊசி சரிந்து விழுந்ததை உலகமே நேரலையில் பார்த்தது.

பேனல் காட்டியதைத் தவறாகப் படித்தார்களா, படித்ததைத் தவறாகச் சொன்னார்களா, சொன்னதைத் தவறாகக் கேட்டார்களா என்பதில் தேவாலயத் தரப்பும் பாதுகாப்பு நிறுவனமும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. அந்தச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். பல ஆண்டுகள் நிபுணர்கள் உட்கார்ந்து வடிவமைத்த அமைப்பு அது. பேனல் 'தீ' என்ற சொல்லைத் தாமதமின்றி முதலில் காட்டியது. தப்பியது அடுத்த வரி, அதாவது இடப்பெயர். வடிவமைத்தவருக்குப் புரிந்த மொழியில் இருந்ததே தவிர, ராத்திரி டூட்டி பார்ப்பவருக்குப் புரியும் மொழியில் இல்லை.

உயிர்ச்சேதம் இல்லாததால் நோட்ர டாம் தப்பித்தது என்று சொல்லலாம். எல்லா இடத்திலும் அப்படி அமைவதில்லை. நம் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த அதே 2004-ம் ஆண்டு, ஜனவரி 31 அதிகாலை, ஸ்காட்லாந்தின் உடிங்ஸ்டன் என்ற ஊரில் ரோஸ்பார்க் என்ற முதியோர் இல்லத்தில் தீப்பிடித்தது. துணிமணி வைக்கும் அலமாரி அறையில் மின்கோளாறு. அலாரம் அடித்தது. பேனலில் காட்டிய பகுதி எது என்பதில் ஊழியர்கள் குழம்பி, வேறு இடத்தில் தேடினார்கள். தீயணைப்புத் துறைக்கு அழைப்பு போனது அலாரம் அடித்து 9 நிமிடம் கழித்து. 14 முதியவர்கள் இறந்தார்கள்.

காங்கேயம் கேட் ரூமில்...

இப்போது இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். ராத்திரி இரண்டு மணி. கேட் ரூமில் வாட்ச்மேன், வயது அறுபதை ஒட்டி. பெட்டி கத்துகிறது. திரையில் ஆங்கிலத்தில் 'லூப் 1 டிவைஸ் 47' என்று வருகிறது. அவர் சூப்பர்வைசருக்குப் போன் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"சார், பெட்டி கத்துதுங்க."

"மஞ்ச லைட்டுதானுங்களாண்ணா?"

"என்னமோ எரியுதுங்க. தினமும் எரியறதுதானுங்க."

"அப்ப அமுக்கி விட்ருங்க. காலையில பாத்துக்கலாம்."

இந்த நாலு வரியில் இரண்டு கோளாறு இருக்கிறது. ஒன்று, '47' என்பது எந்த இடம் என்று போனின் இரண்டு முனையிலும் யாருக்கும் தெரியாது. பேனல் மாட்டிய கம்பெனி கருவிகளுக்கு எண் கொடுத்தது, பெயர் கொடுக்கவில்லை. இரண்டு, 'தினமும் எரியறது' என்கிற அந்த வார்த்தை. இரண்டாவதுதான் ரொம்ப ஆபத்து.

மஞ்சள் ஏன் தினமும் எரிகிறது? கரண்ட் போனாலே பேனல் 'மெயின் சப்ளை இல்லை' என்று கத்தும். பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்தடை என்றால் அன்று முழுக்க அந்தச் செய்திதான். பேட்டரி பழசாகிவிட்டால் இன்னொரு மஞ்சள். நூல் மில்லில் பஞ்சுத் தூசி கருவிக்குள் அடைந்தால் ஒரு மஞ்சள், சில சமயம் பொய்யாக ஒரு சிவப்பே வரும். எண்ணெய் மில்லில் பிசுக்கு, களத்தில் புழுதி, ஒயரில் எலி. எல்லாமே உண்மையான செய்திகள்தான். ஆனால் ஒரு மாதம் தொடர்ந்து மஞ்சள் எரிந்தால் அது விளக்கு அல்ல, சுவரோடு சுவராகிவிடும். வாட்ச்மேனின் காது அந்தச் சத்தத்தைக் கேட்பதையே நிறுத்திவிடும்.

இங்கே இன்னொரு சங்கதி. ஐரோப்பிய தரநிலையில் 'கோளாறு', 'முடக்கம்' இரண்டுக்கும் ஒரே மஞ்சள்தான். கூரையில் ஷீட் மாற்ற வெல்டிங் வேலை நடக்கிறது என்றால், பொறி பட்டு அலாரம் அடிக்காமல் இருக்க அந்த மண்டலத்தை பேனலில் முடக்கி வைப்பது வழக்கம். வேலை முடிந்ததும் திரும்ப இயக்க வேண்டும். மறந்துவிட்டால்? பேனல் மறக்காது, 'முடக்கப்பட்டுள்ளது' என்று மஞ்சளில் காட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் ஏற்கனவே பேட்டரிக்காக ஒரு மஞ்சள் எரிந்துகொண்டிருக்கும் பெட்டியில், இன்னொரு மஞ்சள் கூடியது யார் கண்ணில் படும்? அந்த மண்டலத்தில் நாளைக்குத் தீப்பிடித்தால் பேனல் சிவப்பாகவே மாறாது. வெல்டிங் முடிந்து சில மணி நேரம் கழித்து, எங்கோ விழுந்த பொறி சாக்கு மூட்டையில் மெல்லக் கனிந்து பற்றுவது நடக்கக்கூடியதுதான். பஞ்சுப் பேல் என்றால் உள்ளுக்குள்ளேயே வெகுநேரம் புகைந்துகொண்டிருக்கும்.

அமுக்கறதுல ஒரு வரிசை இருக்கு

பேனலில் முக்கியமாக மூன்று பட்டன். அறிந்துகொண்டேன் என்று சொல்லும் அக்னாலெட்ஜ், சத்தத்தை நிறுத்தும் சைலன்ஸ், பழைய நிலைக்குத் திருப்பும் ரீசெட். கத்துகிற பெட்டியைப் பார்த்ததும் கை போவது ரீசெட்டுக்கு. காரணம் எளிது, அதை அமுக்கினால் எல்லாமே அமைதியாகிவிடும்.

ஆனால் தீ உண்மையாக இருந்தால் ரீசெட் செய்யும் முதல் கெடுதல், அந்தப் பொன்னான முதல் வரியை அழித்துவிடுவது. புகை இருக்கிற கருவிகள் எல்லாம் மறுபடி ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தத் தொடங்கும். இப்போது எது முதலில் பதில் சொல்கிறதோ அதுதான் முதல் வரி. தீ தொடங்கிய இடமாக அது இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. மேலும் ரீசெட் ஆன நிமிடத்தில் சைரன் நின்றுவிடும். உள்ளே ஓடத் தொடங்கிய தொழிலாளர்கள் "ஒண்ணும் இல்ல போல" என்று மெஷினுக்குத் திரும்புவார்கள்.

சைலன்ஸ் அப்படி இல்லை. சத்தம் மட்டும் நிற்கும், சிவப்பு விளக்கும் இடப்பெயரும் திரையில் அப்படியே இருக்கும். சத்தத்தை நிறுத்திய பிறகு இன்னொரு மண்டலத்தில் புகை வந்தால் பேனல் மறுபடி கத்த வேண்டும் என்பது தரநிலையின் விதி. அதாவது முதலில் திரையைப் படி, எழுதி வை, ஆளை அனுப்பு, 101-க்கோ 112-க்கோ சொல், நேரில் பார்த்து உறுதி செய். ரீசெட் என்பது எல்லாம் முடிந்த பிறகு. பல பேனல்களில் ரீசெட்டுக்கு சாவியோ பாஸ்வேர்டோ வேண்டும். அப்படி வைத்திருப்பதே இந்தக் காரணத்துக்காகத்தான். அந்தச் சாவியை வசதிக்காக பெட்டியிலேயே சொருகி வைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பும் போச்சு.

101-க்கு போன் என்று சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊர் மில்களில் பேனல் கத்தினால் தீயணைப்பு நிலையத்துக்குத் தானாகத் தகவல் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். தனியாக அதற்கு ஏற்பாடு செய்யாத வரை போகாது. நோட்ர டாமிலும் அந்த ஏற்பாடு இல்லை. யாராவது மனிதர் போன் எடுத்தால்தான் உண்டு.

லிஃப்ட்டுக்கும் உத்தரவு போடும் பெட்டி

பேனல் காட்டுவதோடு நிற்பதில்லை, சில வேலைகளைத் தானாகவும் செய்யும். தீ என்று உறுதியானால் லிஃப்ட்டைத் தரைத்தளத்துக்கு இறக்கி கதவைத் திறந்து நிறுத்துவது, ஏசி காற்று இயந்திரத்தை நிறுத்துவது, படிக்கட்டுக் கதவுப் பூட்டை விடுவிப்பது என்று முன்பே நிரல் எழுதி வைக்கலாம். எந்தச் செய்தி வந்தால் எந்த உத்தரவு என்பதும் முன்னுரிமை வரிசையைப் பின்பற்றும். மஞ்சளுக்கு லிஃப்ட் இறங்காது, சிவப்புக்கு இறங்கும்.

இது ஆடம்பரம் இல்லை. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல் – திருச்சி சாலையில் உள்ள தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து, குழந்தை உட்பட 6 பேர் இறந்தார்கள். லிஃப்ட்டுக்குள் சிக்கி மூச்சுத்திணறி மயங்கிக் கிடந்தவர்களை மீட்புப் படையினர் வெளியே தூக்கி வந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. தீ நேரத்தில் லிஃப்ட்டில் ஏறாதீர்கள் என்று எவ்வளவு எழுதி ஒட்டினாலும், பதற்றத்தில் நோயாளியோடு இருப்பவர் லிஃப்ட் பட்டனைத்தான் அழுத்துவார். மனிதரின் அந்தப் பதற்றத்தை எதிர்பார்த்துத்தான் லிஃப்ட்டை முந்திக்கொண்டு இறக்கும் உத்தரவு பேனலுக்குள் வைக்கப்படுகிறது.

பெயரை மாற்ற எவ்வளவு செலவாகும்?

பேனலின் இடப்பெயர் பகுதிக்கு பெரும்பாலும் 20 முதல் 40 எழுத்து வரை இடம் கிடைக்கும். 'லூப் 1 டிவைஸ் 47' என்று விட்டுவைப்பதற்குப் பதில், மில்லில் நாலு பேர் வாயில் புழங்கும் பெயரை அங்கே போடலாம். 'பழைய பருப்பு குடோன் மேற்கு', 'ப்ளோ ரூம் வாசல்', 'எண்ணெய் டேங்க் பின்னாடி', 'ஹாஸ்டல் மாடி'. பெரும்பாலான சின்ன எல்சிடி திரைகளில் தமிழ் எழுத்து வராது. அதனாலென்ன, தங்கிலீஷில் டைப் அடித்தால் போதும். வாட்ஸ்அப்பில் எல்லோரும் படிப்பதுதானே.

'குடோன் 1', 'குடோன் 2' என்று போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. எந்தப் பக்கமிருந்து எண்ணுவது? கேட்டில் இருந்து வருபவருக்கு ஒன்று, ஆபீஸில் இருப்பவருக்கு இன்னொன்று. நோட்ர டாமில் 'பரண்' என்ற சொல் இரண்டு கட்டடத்துக்கும் பொருந்தியதுதான் வினை. ஒரே பெயர் இரண்டு இடத்துக்குப் பொருந்தினால் அது பெயரே இல்லை.

திரையில் வராததைச் சுவரில் ஒட்டலாம். பேனலுக்குப் பக்கத்தில் கட்டடத்தின் வரைபடம், மண்டலங்கள் நிறம் பிரித்து, 'நீங்கள் இங்கே நிற்கிறீர்கள்' என்ற அடையாளத்தோடு. பிரிட்டனின் தரநிலை இந்த வரைபடத்தைக் கேட்கிறது. நம் வட்டார மில்களில் இரவு ஷிஃப்ட்டில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நிறைய. ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்களும் அவர்கள்தான், தீ வந்தால் முதலில் ஓட வேண்டியவர்களும் அவர்கள்தான். அந்தப் படத்தில் தமிழோடு இந்தியும் ஒடியாவும் இருந்தால், கேட் ரூமுக்கு முதலில் ஓடி வருகிற யாராக இருந்தாலும் எங்கே போக வேண்டும் என்று தெரியும். ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கிற செலவு. கோயில் திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் அடிக்கிற ஊரில் இது ஒரு விஷயமே இல்லை.

பெயர் மாற்றுவதை வாட்ச்மேனோ சூப்பர்வைசரோ செய்ய முடியாது. அதற்கு டெக்னீசியனின் பாஸ்வேர்டு வேண்டும். வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கும் மில்களுக்கு அவர் எப்படியும் வந்து போகிறார். வழக்கமாக ஒரு கருவியில் புகை அடித்துக் காட்டி, சைரன் அடித்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அடுத்த முறை அவர் புகை அடிக்கும்போது எந்தக் கருவி என்று சொல்லாமல், கேட் ரூமில் இரவு டூட்டி பார்ப்பவரை வைத்து திரையைப் படிக்கச் சொல்லி, அந்த இடத்துக்கு நடந்து வரச் சொல்லலாம். எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறார் என்று வாட்சைப் பார்த்தால் போதும். வேறு சோதனை எதுவும் தேவையில்லை.

அவர் இருக்கும்போதே இன்னொன்றும் கேட்கலாம். அட்ரஸபிள் பேனல்கள் நடந்த எல்லாவற்றையும், எந்தத் தேதி, எந்த நேரம் என்று உள்ளே பதிந்து வைத்திருக்கும். அந்த மஞ்சள் எத்தனை நாளாக எரிகிறது, ரீசெட்டை யார் ஷிஃப்ட்டில் எத்தனை தடவை அமுக்கினார்கள் எல்லாம் அதில் வரும். பட்டியலைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மேலே ஓடும் கடிகாரத்தை. அது சம்பந்தமே இல்லாத ஒரு வருடத்தைக் காட்டினால், கரண்ட்டும் பேட்டரியும் சேர்ந்து செத்து, அந்தப் பெட்டி மொத்தமாக அணைந்து கிடந்திருக்கலாம்.